றிவேர்ஸ் அண்ணையின் மாப்பிள்ளை வாகனம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு உலகத்துக் கப்பலெல்லாம் வந்து போயிருக்கின்றன. அதில் ஒரு கப்பல்கூட, தான் வருகிறதா போகிறதா என்று கரையில் நிற்கிறவனைக் குழப்பியது கிடையாது. அந்தத் திறமை எங்கள் ஊரில் ஒரேயொரு மனிதனிடம்தான் இருந்தது. அவர் றிவேர்ஸ் அண்ணை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நான் மூதூருக்குக் கடலால் ஓடுகிற லோஞ்சுக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அவர் லோஞ்ச் கட்டுகிற இடத்துக்கு எதிரே, வேப்பமரத்துக்குக் கீழே, வாடகைக்கு வாகனம் ஓட்டுகிறவர். இருபது வருடம் எதிரும் புதிருமாக நின்றோம். பெயர் கேட்க ஒரு தேவை வரவில்லை. ஒருமுறை அவருடைய அடையாள அட்டை என் கையில் அகப்பட்டது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வாங்கிப் பொக்கற்றில் வைத்துவிட்டார்.

முதலில் அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் கதையைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது. வைக்கோல் கட்டி வைத்திருந்தார் அதற்குள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்து வந்த வாகனத்துக்கு வருகிறேன்.

சண்டை கொஞ்ச நாள் நின்றிருந்த காலம். திருகோணமலை ரவுனில் புதுப்புது வாகனங்கள் ஓடித்திரிந்தன. கொழும்பிலிருந்து கட்டட வேலை எடுக்கிற ஒரு கொன்றாக்டர் ஒரு வாகனத்தில் வந்து இறங்கினார். அது என்ன சாதி என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. முகம் ஜீப்பின் முகம், வயிறு காரின் வயிறு. பள்ளிக்கூடப் பிள்ளை பையை மாட்டின மாதிரி முதுகில் ஒரு ஸ்பெயார் சில்லு, மாற்றுச் சக்கரம். பின்கண்ணாடியிலும் மழைநீர் துடைக்க ஒரு குட்டி வைப்பர். கொன்றாக்டர் ஒரு கிழமை, ஏழு நாளும், கடலில் குளித்தார். பிறகு எங்கேயோ தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. வாகனத்தை அண்ணையிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு, ரெயில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டார்.

அண்ணை அதை ஜீப் என்றே நம்பினார். உயரமாக நிற்கிறதெல்லாம் ஜீப் என்பது அவருடைய எண்ணம்.

"நாலு சில்லும் இழுக்கும் தம்பி. கடலுக்குள்ள விட்டாலும் மற்றக் கரையால ஏறும்."

அதைக் காட்டுவதற்காக டச்பே கடற்கரையில் மணலுக்குள் இறக்கினார். ஐந்து முழம் போனது. பிறகு முன்சில்லு இரண்டும் கிணறு வெட்டத் தொடங்கின. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்று தள்ளினார்கள். தள்ளத் தள்ள வாகனம் கீழே போனதே தவிர முன்னால் போகவில்லை. அண்ணைக்குக் கோபம் வந்து கியரைப் பின்னுக்குப் போட்டு அமத்தினார். தள்ளிக்கொண்டு நின்ற ஆறு பேரும் ஆறு திசையில் பாய, சுடுமணலில் கால் வைத்த நாய் மாதிரி வாகனம் பின்பக்கமாகத் துள்ளி றோட்டில் ஏறி நின்றது.

அண்ணை இறங்கி அதைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

"தம்பி, இதில முன்சில்லு ரெண்டும்தான் வேலை செய்யுது. பின்சில்லு ரெண்டும் சும்மா கூட வாற ஆக்கள்."

"அப்ப இது ஜீப் இல்லையோ அண்ணை?"

"ஜீப்தான். ஆனா ஜீப் பின்பக்கத்தில இருக்கு."

அன்றைக்குப் பிறகு மணலைக் கண்டால், சேற்றைக் கண்டால், மேட்டைக் கண்டால், வாகனத்தைத் திருப்பி முதுகுப்பக்கமாகத்தான் ஏற்றுவார். ஏறியும் விடும், அதுதான் விசயம். இரண்டு மாதத்தில் அவருடைய கழுத்து இடப்பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டது. தேத்தண்ணிக் கடையில் அவருக்கு முன்னால் இருந்து கதைக்கிறவன் அவருடைய காதோடுதான் கதைக்க வேண்டும்.

இப்போது என் தங்கச்சியின் கலியாணத்துக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அம்மாவோடு கட்டைபறிச்சானுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னர் ஒரு கலியாணம் பேசி, பந்தலும் போட்டாயிற்று. மாப்பிள்ளை ஏறிவந்த வான் வீட்டுக்கு எதிரே இருந்த குளக்கட்டு வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து வெடி தொடங்கியது. பந்தலில் நின்றவர்களுக்கு வானின் பின்பக்கம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. அந்த மாப்பிள்ளை இப்போது எந்த நாட்டில் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

இந்த முறை மாப்பிள்ளை ரவுன் கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுக்கிறவர். நாற்பது வயது, அதிகம் கதைக்க மாட்டார். நான்தான் பேசி ஒழுங்கு செய்தேன். தங்கச்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அண்ணா, இதுவும் தவறினா இனி ஒருத்தரும் என்னோட கலியாணக் கதை கதைக்கக் கூடாது."

தை மாதம். முகூர்த்தம் பதினொன்றே கால். ஆறு மணிக்கே மாப்பிள்ளை தலைப்பாகையோடு லோஞ்சடியில் வந்து நின்றார். கடலைப் பார்த்தால் வாடைக்காற்றில் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரிக் குழம்பிக் கிடந்தது. லோஞ்ச் விடமாட்டோம் என்றுவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேப்பமரத்தடியிலிருந்து அண்ணை பக்கவாட்டாக நடந்து வந்தார்.

"ஏறுங்கோ. றோட்டால போவம்."

மாப்பிள்ளையும், தாலியை மடியில் கட்டியிருந்த அவருடைய தாய்மாமனும், நானும் ஏறினோம். மற்றச் சனம் காற்று அடங்கினால் லோஞ்சில் வரட்டும் என்று விட்டுவிட்டோம். சீனன்குடா தாண்டி, கிண்ணியாவில் வாகனத்தோடு மிதவையில் ஏறி, இறங்கி, இன்னும் இரண்டு மூன்று ஆற்றுக்கு ஏறி இறங்கி, மூதூருக்கு வர மணி ஒன்பதரை. அதுவரைக்கும் எல்லா மனிதரையும் போல முன்னால் பார்த்துத்தான் வந்தோம்.

கட்டைபறிச்சானில், ஆமி மறித்துச் சோதிக்கிற பொயின்றுக்கு முன்னால் ஒரு மேடு. மழைக்குச் சேறு. வாகனம் பாதி ஏறி, வழுக்கி, ஏறின வேகத்திலேயே கீழே வந்து நின்றது. அண்ணை இறங்கிச் சில்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு வாகனத்தைத் திருப்பினார்.

மாமா பதறிப்போனார். "என்ன, திரும்பிப் போறமோ?"

"இல்லை ஐயா. இனித்தான் போறம்."

"மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போறதோ? ஆரும் கேள்விப்பட்டதுண்டோ?"

"அப்ப மாப்பிள்ளையைப் பின்னுக்குத் திரும்பி இருக்கச் சொல்லுங்கோ. வாகனத்தைத் திருப்ப ஏலாது, ஆளைத் திருப்பலாம்தானே."

மாப்பிள்ளை பின்சீற்றில் முழங்காலில் நின்று, தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். கோயிலில் நேர்த்திக்கடன் செய்கிற ஆள் மாதிரி இருந்தது.

மேட்டில் வாகனம் ஏறிவிட்டது. இனிமேல்தான் குழப்பம். பொயின்றில் நின்ற சிப்பாய்க்கு எங்கள் முதுகு வந்து சேர்ந்தது. வாகனத்தின் முகம் மூதூரைப் பார்த்திருக்கிறது. ஆகவே இது கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்த வாகனம். செக் பண்ணாமல் தாண்டிப் போய்விட்டது. பிழை என்று தெரிந்து தானாகவே பின்னுக்கு வந்திருக்கிறது. அப்படித்தான் அவன் விளங்கிக்கொண்டான்.

"நல்ல மனுசன்," என்றான் தனக்குத் தெரிந்த தமிழில். "மத்த ஆள் எண்டா போயிருக்கும்."

"நாங்கள் வரேல்லை சேர், போறம்," என்றார் அண்ணை.

"போற ஆள் முகம் ஏன் வாற மாதிரி?"

"வாற மாதிரித்தான் சேர் போக ஏலும். நேராப் போனா திரும்பி வந்துடும்."

சிப்பாய் வாகனத்தின் முகத்தையும் முதுகையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தான். பிறகு எங்களை இறக்கி நடக்கவிட்டு, வாகனத்துக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்துவிட்டு, கொப்பியில் 'வந்தது' என்றே எழுதினான். பின்னேரம் நாங்கள் உண்மையாகவே திரும்பி வந்தபோது, அந்தக் கொப்பியின்படி நாங்கள் காலையிலேயே வந்துவிட்ட ஆட்கள். போகாமலே இரண்டுதரம் வந்தவர்களை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

பொயின்றைத் தாண்டினதும் பாதையின் இரண்டு பக்கமும் மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி. பாதையை விட்டு ஒரு சாண் விலகக்கூடாது. எங்கே போய்த் திருப்புவது? மூன்று மைல் தூரமும், மாட்டுவண்டி போன தடத்தில் நாலு சில்லையும் வைத்து, கழுத்தைத் திருப்பியபடி அண்ணை பின்னுக்கே ஓட்டினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். அண்ணையின் சில்லு தடத்தை விட்டு ஒரு விரலும் விலகவில்லை. நான் சிவப்புப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

குளக்கட்டில் ஏறினோம். அங்கே கோயிலடியில் வாகனம் திருப்ப இடம் இருந்தது. திருப்பியிருக்கலாம். ஆனால் ஏறின உடனே சில்லு சேற்றில் புதைந்து வாகனம் அப்படியே நின்றுவிட்டது. மணி பதினொன்று. நானும் மாமாவும் இறங்கி, தென்னோலை பொறுக்கிச் சில்லுக்கு வைத்தோம். இனித் திருப்ப நேரமில்லை என்று அண்ணை பின்னுக்கே எடுத்தார்.

அந்த நேரம் பந்தலடியில் நடந்ததை அம்மா பிறகு சொன்னா. பெரியப்பா கதிரையில் ஏறி நின்று பார்த்தாராம்.

"கட்டில ஒரு வாகனம் நிக்குது."

"ஆர் எண்டு பாருங்கோ," என்று அம்மா கேட்டிருக்கிறா.

"முதுகுதான் தெரியுது. முதுகில ஒரு சில்லு தொங்குது." கையை நெற்றிக்கு வைத்து இன்னொருதரம் பார்த்துவிட்டு, "திரும்பிட்டாங்கள் போல," என்றாராம்.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டா. மேளகாரர் வாசிப்பதா விடுவதா என்று தெரியாமல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே தங்கச்சி தலையில் வைத்த பூவை மெல்லக் கழற்றத் தொடங்கினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று அம்மா வெளியில் இருந்தபடி கேட்டா.

"வாடமுதல் கழட்டிச் சாமிக்கு வைப்பம் அம்மா."

பெரியப்பா இன்னும் கதிரையில்தான் நின்றார். "பொறுங்கோ. அது போகப்போகப் பெரிசாகுது."

"போற வாகனம் எப்பிடிப் பெரிசாகும்? மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுப் பாருங்கோ," என்றா அம்மா.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்தார். வாகனம் இன்னும் பெரிதாக இருந்தது. வேலியடிக்கு வந்தது. பந்தல் வாசலுக்கு வந்து முட்டுகிற மாதிரி நின்றது. பின்பக்கம் முழுவதும் சேறு. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்போது பின்கண்ணாடியில் அந்தக் குட்டி வைப்பர் கிறீச்சென்று ஒருதரம் போய் வந்தது. சேற்றில் பிறை மாதிரி ஒரு இடம் வெளித்தது. அந்தப் பிறைக்குள் தலைப்பாகையோடு மாப்பிள்ளையின் முகம்.

மேளம் தானாகவே தொடங்கியது. ஆலாத்தித் தட்டோடு நின்ற இரண்டு பெண்கள் வழக்கப்படி வாகனத்தின் முன்பக்கம் ஓடினார்கள். அங்கே ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி அண்ணை மட்டும் இருந்தார். எடுத்த தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் அவருக்கே சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு நாலு நிமிடம் இருந்தது. தங்கச்சி பூவைத் திரும்ப வைத்துக்கொண்டு வந்து மணவறையில் இருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் பயணம். பொயின்ற் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். பின்னுக்கு வந்ததில் ஒரு நன்மை, வாகனம் ரவுனைப் பார்த்து நேராக நின்றது. ஏறி இருந்து ஓட வேண்டியதுதான். ஆனால் வெளியே வந்து பார்த்தால், அண்ணை அந்த ஒடுங்கின முற்றத்தில் வாகனத்தை முன்னும் பின்னுமாக ஆட்டி, பந்தலில் கட்டின வாழையையும் சாய்த்து, அதன் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, விசரே உங்களுக்கு? இவ்வளவு நேரமும் சரியாத்தானே நிண்டது."

"முதலாம் கியர் விழுகுதில்லை தம்பி. பின்னாலதான் போகவேணும்."

மாமா தலையில் கையை வைத்தார். அண்ணை அதைக் கவனிக்கவில்லை. "தங்கச்சி முன்னுக்கு இருக்கட்டும். மாப்பிள்ளைக்குப் பின்சீற் பழகிப்போச்சு."

அப்படியே புறப்பட்டோம். கலியாணம் முடிந்து போகிற பெண்கள் கழுத்து நோகத் திரும்பித்திரும்பிப் பார்ப்பார்கள். வாகனத்தின் புழுதி மறைத்துவிடும். தங்கச்சி ஒரு பக்கமும் திரும்பவில்லை. கண்ணாடிக்கு நேரே வீடு இருந்தது, பந்தல் இருந்தது, வாசலில் அம்மா நின்றா. அண்ணை மெல்ல, மிக மெல்லப் பின்னுக்கு ஓட்டினார். அம்மா கையைத் தூக்கினா. தங்கச்சியும் தூக்கினாள். இருவரும் கையை இறக்கவேயில்லை. அண்ணையின் கழுத்து பின்னுக்குத் திரும்பியிருந்ததால், அவள் அழுததை அவர் பார்க்கவில்லை.

குளக்கட்டில் ஏறிக் கோயிலடிக்கு வந்ததும், பனைகள் வீட்டை மறைத்தன. அண்ணை வாகனத்தை நிறுத்தி, அந்த இடத்தில் வைத்துத் திருப்பினார். பிறகு முதலாம் கியரைப் போட்டார். ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தங்கச்சியிடம் நீட்டினார்.

"முகத்தைத் துடையுங்கோ பிள்ளை. சேறு தெறிச்சிருக்கு."

அந்தக் கியரைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.