கோப்பி நடுவதற்குள் மணியடித்துவிட்டது

வரலாறு கற்பிக்கிறவனுக்கு நேரம் என்றால் நூற்றாண்டுக் கணக்கு. அவனை நிமிடக் கணக்கில் மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எனக்கு நியமனம் கிடைத்த முதல் வருடம் அது. உயர்தர வகுப்புக்கு வரலாறு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நடையில் மட்டும் பேராசிரியர் தோரணை வந்திருந்தது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பரீட்சையில் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டு வருவார்கள். கேட்டால், "நேரம் பத்தல சேர்" என்பார்கள்.

"நேரம் பத்தலங்கிறது சோம்பேறிங்க சொல்ற சாக்கு" என்று ஒருநாள் முழங்கினேன்.

முன்வரிசையில் இருந்த யோகேஸ்வரி எழுந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுப் பிள்ளை. "அப்ப நீங்களும் எங்களோட ஒக்காந்து எழுதுங்களேன் சேர். நாங்க பாத்துப் பழகிக்குவோம்" என்றாள், பணிவு கொஞ்சமும் குறையாமல்.

(வேண்டாம் என்று சொல்ல வாய் இருந்தது. கௌரவம் விடவில்லை.)

மாதிரிப் பரீட்சை வைத்தோம். விடைத்தாளில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். திருத்துவது தெஹியோவிட்டப் பக்கத்து டீச்சர் ஒருவர். 'கோப்பிச் செய்கையின் வீழ்ச்சியால் இலங்கையில் ஏற்பட்ட விளைவுகளை விளக்குக' என்பது கேள்வி. முக்கால் மணித்தியாலம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு எதற்கு இவ்வளவு நேரம்? பின்னணி இல்லாமல் வரலாறு ஏது என்று போர்த்துக்கேயரைக் கரையிறக்கினேன். வந்தவர்களைச் சும்மா விடலாமா? கோட்டை கட்ட வைத்தேன். ஒல்லாந்தர் வந்தார்கள், கறுவாப்பட்டைக்கு ஒரு பக்கம் போனது. என் நடை எனக்கே பிடித்துப்போய், ஒரு வாக்கியத்தை வெட்டிவிட்டு இன்னும் அழகாக எழுதினேன். ஆங்கிலேயர் கப்பலிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார்கள். மணியடித்தது.

"பேனாவ வைங்க சேர்" என்றாள் யோகேஸ்வரி.

முன்னுரையே இவ்வளவு பிரமாதமாக இருக்கும்போது மிச்சத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டு, என் தாளையும் கட்டோடு அனுப்பினேன்.

திருத்திய கட்டைப் பாடசாலை அதிபரே வகுப்புக்குக் கொண்டுவந்தார். முகம் சரியில்லை. "மத்த பிள்ளைங்க பரவாயில்ல. இந்தப் பத்தொன்பதாம் நம்பர் யாரு? இருபதுக்கு மூணு" என்றவர், டீச்சரின் குறிப்பைச் சத்தமாக வாசித்தார்: "கோப்பி இன்னும் நடப்படவே இல்லை. பிறகு எப்படி வீழ்ச்சியடையும்? இம்மாணவனின் பெற்றோரை அழைத்துப் பேசவும்."

வகுப்பு மொத்தமும் குனிந்து மேசையைப் பார்த்தது. நான் மெதுவாகக் கையை உயர்த்தினேன்.

"யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார் அதிபர்.

"தெரியும் சேர். நான்தான்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். யோகேஸ்வரி லயத்துக்குப் போய்ச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதில், என் அம்மாவின் காதில் விழுந்தது பெற்றோரை அழைக்கச் சொன்ன கடைசி வரி மட்டும். மகனுக்கு வேலை போகப்போகிறது என்றே நினைத்துவிட்டார். மறுநாள் கொழுந்து எடுக்கப் போகாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு அதிபரின் அறைக்குப் போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"இந்த ஒரு தரம் மன்னிச்சிருங்க பெரிய சேர்," என்று கும்பிட்டார் அம்மா. "இவன் சின்னதுலேருந்தே இப்பிடித்தான். கடைக்கு அனுப்பினா, வழியில யார் யாரப் பாத்தேன்னு விலாவாரியா சொல்லுவான். பருப்பு மட்டும் வந்திருக்காது."

பல்கலைக்கழகத்தில் கூட என்னை யாரும் இவ்வளவு சரியாக மதிப்பிட்டதில்லை. அதிபர் சிரிப்பை அடக்க இருமிப் பார்த்தார், முடியவில்லை. "வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நிம்மதியா போங்க" என்று தேநீர் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த மாதமும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினேன். என்னை முந்தவேண்டும் என்பதற்காகவே எல்லாரும் கடைசிக் கேள்வி வரை எழுதி முடித்தார்கள். (முந்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இப்போது என் மகள் படிக்கிறாள். பெற்றோரை வரச் சொல்லிப் பாடசாலையிலிருந்து தகவல் வந்தால் போதும், நானும் மனைவியும் கிளம்புவதற்குள் அம்மா சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

"நீ இருப்பா, நான் போறேன். ஒனக்காகப் போயிப் பழகினவ."