பரசுவின் பிரதட்சிணம்

யாராவது என்னிடம் அளவுக்கு மீறி மரியாதை காட்டினால், நான் முதலில் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இது ஆணவம் இல்லை, அனுபவம். நான் முட்டாள் என்பதை உலகம் எனக்குப் பல பேர் மூலமாகத் தெரியப்படுத்தியிருக்கிறது. முயல் மூலமாகத் தெரியப்படுத்தியது ஒரே ஒரு தடவைதான்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே வந்து குவிந்ததில், அம்பத்தூர் பக்கம் மாட்டுக்கொட்டகைக்குக்கூடப் போட்டி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவி கனகவல்லி பூந்தமல்லியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் ஆவடியில் பட்டாளத்துச் சாமான் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. ஒன்பது பேரோடு ஒரே அறையில் வாசம். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமனார் வீட்டுக்குப் போய், கூடத்தில் எட்டுப் பேர் நடுவே உட்கார்ந்து, "சௌக்கியமா?" என்று அவளைக் கேட்பேன். "கீறேன்" என்பாள். அதுதான் எங்கள் இல்லறம்.

கடைசியில் கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு கிடைத்தது. முன்கட்டில் வீட்டுக்காரர் வேதாசலம் இருந்தார். நிலபுலன் உள்ளவர், விபூதி உள்ளவர், சிரிப்பு இல்லாதவர். "ஒரு மாசம் இருந்து பாருப்பா. எனக்குப் புடிச்சா அடுத்த மாசம்" என்றார். பட்டாளத்துக்குக் கல்லும் மண்ணும் அடிக்கும் காண்டிராக்டர் ஒருவர் அதே பின்கட்டுக்காக அவர் வாசலில் தினமும் வந்து நின்றுகொண்டிருந்தார். வேதாசலத்துக்கு எங்களைப் பிடிக்காமல் போனால் கனகு மறுபடியும் பூந்தமல்லிக் கூடத்துக்கு, நான் ஒன்பது பேருக்குப் பத்தாவதாக. இந்த நிலையில்தான் முயல் வந்தது.

கிடங்கில் இருந்த ஒரு சின்னத் துரைக்கு எங்கேயோ மாற்றல். போகிற அன்று ஒரு பெட்டியை என் மேஜைமேல் வைத்தார். உள்ளே வெள்ளையில் சாம்பல் திட்டுப்போட்ட ஒரு முயல். பெயர் பெர்சி என்றார். அதன்பின், "நாட் டாக்டர்ட், யூ நோ" என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார். என் ஆங்கிலத்தின்மேல் எனக்கு அசாத்திய நம்பிக்கை. இந்த முயல் டாக்டரிடமே போனதில்லை, அவ்வளவு ஆரோக்கியம் என்று புரிந்துகொண்டு, "வெரி குட் சார்" என்றேன். (அதற்குக் காயடிக்கவில்லை என்று துரை சொன்னது எனக்கு விளங்க மூன்று மாதம் ஆயிற்று.) "அதற்கு ஒரு ஃபிரண்ட் தேவைப்படலாம்" என்றும் சொன்னார். நான் என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். துரை ஏன் அவ்வளவு அவசரமாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார் என்று இப்போது தெரிகிறது.

பெர்சி, கனகுவின் வாயில் ஒரே நாளில் பரசு ஆயிற்று. அதைக் கேட்ட வேதாசலம், "பரசுராமனா? நல்ல பேரு. பிரம்மச்சாரி" என்றார். பிராணி வளர்க்கக் கூடாது என்று சொல்லத்தான் அவர் அன்று பின்கட்டுக்கு வந்திருந்தார். சொல்ல வாயெடுக்கும்போது பரசு பெட்டியிலிருந்து இறங்கி அவர் காலடிக்குப் போயிற்று. பாதத்தை முகர்ந்தது. பிறகு அவரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாம் சுற்றில் தொண்டைக்குள் 'ஊம், ஊம்' என்று ஒரு முனகல். மூன்றாம் சுற்று முடிந்ததும் அவர் கணுக்காலில் மோவாயை வைத்துக்கொண்டது.

வேதாசலத்தின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாப்பா. மூணு பிரதட்சிணம். ஓம் ஓம்னு சொல்லிகினே சுத்துது" என்றார்.

நான் உண்மையாகவே ஆமோதித்தேன். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அடுத்த தடவை அது இடப்பக்கமாகச் சுற்றியபோதுதான் கொஞ்சம் இடித்தது. கோயிலில் அப்படிச் சுற்றினால் அபசாரம் அல்லவா? வேதாசலம் அதையும் மன்னித்தார். "வெள்ளக்காரன் ஊட்ல வளந்துது. போகப் போகக் கத்துக்கும்."

அன்றிலிருந்து மாதத்துக்கு மாதம் பார்க்கிற பேச்சு நின்றுபோயிற்று. "இவரு இருக்கிற வரைக்கும் நீங்க இருங்க" என்றுவிட்டார். ('இவர்' என்றது முயலை. நான் கடைசிவரை 'வாப்பா, போப்பா' தான்.) காண்டிராக்டரைத் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, பின்கட்டு முற்றத்தில் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பார். பரசு சுற்றும். சில சமயம் அவர் வேட்டிக் கரை நனைந்திருக்கும். கிணற்றடித் தண்ணீர் என்று சொல்லிவிடுவோம்.

பக்தி முற்ற முற்றப் பரசுவின் நடத்தை கெட்டது. தென்னங்கீற்றுத் தட்டியைக் கடித்தது, முற்றத்தில் குழி தோண்டியது, பின்னங்காலால் தரையில் டம் டம் என்று அடித்தது. கனகு தண்ணீர் எடுக்கப் போனால் அவளைச் சுற்றி வந்து குதிகாலைக் கவ்வும். வீடெல்லாம் ஒரு நெடி. விரதம் கடுமையாகிவிட்டதோ என்று எனக்குக் கவலை. பூந்தமல்லியில் காதர் பாய் என்பவர் முயல் வளர்த்து முகாம் சமையலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிரதட்சிணத்தையும், ஓங்காரத்தையும் விடவில்லை.

பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "தம்பி, அது சாமி கும்பிடலே. பொண்ணு கேக்குது."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"காயடிச்சுட்டா?" என்று கேட்டேன்.

"மாட்டுக்குச் செய்யறவன் இதைத் தொட மாட்டான். கத்தி வெச்சா தாங்காது. இன்னொரு ஆணை உட்டியானா ரெண்டும் ரத்தம் வர்ற வரைக்கும் கடிச்சிக்கும். பொட்டைய உட்டா மாசத்துக்கு ஒரு ஈத்து, ஆறோ ஏழோ. குட்டிங்கள நான் எடுத்துக்கிறேன். ஒத்தையில வெச்சா இப்பிடித்தான் சுத்திகினே கெடக்கும். யோசிச்சுச் சொல்லு."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு யோசித்ததில்லை. துணை வந்தால் பரசு ஆள் காலைச் சுற்றுவதை நிறுத்திவிடும். நிறுத்தினால் வேதாசலம் கேட்பார், காண்டிராக்டர் வருவார், கனகு போவாள். துணை வராவிட்டால் பரசு சுற்றும், வீடு நிலைக்கும், ஆனால் ஒரு பெரிய மனிதரை வெள்ளிக்கிழமை தோறும் குளிப்பாட்டி, விபூதி பூசவைத்து, இந்தக் காரியத்துக்கு நிறுத்திவைக்கிற பாவம் என்னைச் சேரும். திங்கட்கிழமை துணை வேண்டும் என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை வேண்டாம். புதன்கிழமை காலையில் வேண்டும், மாலையில் வேண்டாம். கிடங்கில் நூறு போர்வை என்று எழுத வேண்டிய இடத்தில் நூறு முயல் என்று எழுதி, மேலதிகாரியிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெட்கத்தை விட்டுக் கனகுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இதைத் தெரிஞ்சிக்கவா பூந்தமல்லி வரைக்கும் போனீங்க?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா? ஏன் சொல்லலை?"

"நீங்களும் அவுரும் கையக் கட்டிகினு நிக்கறதப் பாத்தா எப்பிடிச் சொல்றது?" கொஞ்ச நேரம் களைந்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல், "ஒத்தையில கெடக்கறது இன்னான்னு எனக்குத் தெரியுங்க. ஒரு வருசம் கெடந்தேன். அதுக்கு ஒரு துணையக் கொண்டாந்து உட்டுடலாம்" என்றாள்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி அவள் அதற்கு முன் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. இருந்தாலும் நான் ஆண்பிள்ளை, குடும்பத் தலைவன். "யோசிக்கலாம்" என்றேன். அவள் யோசிக்கவில்லை. அடுத்த தடவை அம்மா வீட்டுக்குப் போனபோது காதர் பாயிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எந்தக் கிழமை வரவேண்டும் என்று மட்டும் சொல்ல மறந்துபோனாள்.

அந்த வெள்ளிக்கிழமை வேதாசலம் தனியாக வரவில்லை. வேலப்பன்சாவடியிலிருந்து அவருடைய சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் வந்திருந்தார்கள். சம்பந்தி எதையும் நம்பாத ஆசாமி. அவரை நம்பவைக்கவே இந்த ஏற்பாடு. பரசுவுக்குக் கழுத்தில் சாமந்தி மாலை கட்டியிருந்தார்கள். (அதில் பாதியை அது தின்றுவிட்டது.) வேதாசலம் கால்களைச் சேர்த்தார், கண்களை மூடினார். பரசு சுற்ற ஆரம்பித்தது.

"ஒண்ணு" என்று எண்ணினார் சம்பந்தி.

இரண்டாம் சுற்றுப் பாதியில் பின்பக்கக் கதவு திறந்து, காதர் பாய் ஒரு மூங்கில் கூடையோடு வந்தார். தொழுகை முடிந்ததும் வண்டி கட்டியிருக்கிறார். கூட்டத்தைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிக் கூடையைக் கீழே வைத்தார்.

பரசு நின்றது. மூக்கைத் தூக்கியது. வேதாசலத்தை அப்படியே பாதிச் சுற்றில் விட்டுவிட்டு ஒரே ஓட்டமாகக் கூடைக்குப் போனது. அதைச் சுற்றியது. அதே சுற்று, அதே 'ஊம் ஊம்'. ஆனால் வேகம் மட்டும் நாங்கள் அதுவரை பார்த்திராத வேகம்.

"ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிக்கொண்டே போன சம்பந்தி, "கூடையில இன்னா சாமி கீது பாய்?" என்றார்.

பாய் மூடியைத் திறந்தார். கறுப்பு முயல் ஒன்று வெளியே குதித்தது. அதன்பின் நடந்ததை எழுத வேண்டியதில்லை. எழுதுகிற அளவுக்கு நேரமும் ஆகவில்லை. முடிந்ததும் பரசு 'கீச்' என்று ஒரு சத்தம் போட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

வேதாசலம் பதறிப்போனார். "ஐயோ, போயிட்டாரா?"

"போகலீங்க. ஆசை தீந்துச்சு, அவ்ளோதான்" என்றார் பாய். ஒரு சூதும் அறியாதவர் அவர். மேற்கொண்டு விளக்கமும் சொன்னார்: "பொட்டையப் பாத்தா மொசலு இப்பிடித்தாங்க சுத்தும். பொட்டை கெடைக்கலேன்னா ஆளு காலைச் சுத்தும்."

வேதாசலம் மெதுவாகக் குனிந்து தம் பாதங்களைப் பார்த்தார். மூன்று மாதத்து வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. சம்பந்தியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஐயா, அதுங்க கதை வேற. உங்களைச் சுத்தினது மெய்யான பக்தி" என்றேன்.

சம்பந்தி வெடித்துச் சிரித்ததில் கிணற்றுச் சுவர்மேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. வேதாசலம் முன்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கனகு அடுப்படியில் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். "நான்தாங்க சொன்னேன் பாய்கிட்ட. என்னாலதான்" என்று அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை. போகப் போகிறாளே என்ற ஒரே நினைப்புத்தான். மறுநாள் காலை, காலி செய்துவிடுகிறோம் என்று நாமே முந்திச் சொல்லிவிடலாம் என முன்கட்டுக்குப் போனேன். வேதாசலம் நாற்காலியில் இருந்தார். இரண்டு காலையும் மேலே மடக்கி வைத்திருந்தார்.

"காலி பண்ணிடறேங்க" என்றேன்.

அவர் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"காலி பண்ணா, ஏன் காலி பண்றேன்னு தெருவுல கேப்பாங்க. இன்னா சொல்லுவே?"

நான் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"காண்டிராக்டரு கேப்பான். என் சம்சாரம் கேக்கும். நான் இன்னா சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

"அதான். பேசாம இருந்துக்கோ. நாலு நாள்ல எல்லாம் மறந்து பூடும்."

இருந்துகொண்டோம். ஒன்பது வருஷம். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், காண்டிராக்டரும் போனார்; எங்களை மட்டும் யாரும் அசைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் அந்தப் பின்கட்டில்தான் பிறந்தார்கள். பரசு எத்தனை பெற்றது என்பது காதர் பாய்க்கே தெரியாது. அதன்பின் அது ஒரு மனிதனையும் சுற்றவில்லை. வேதாசலமும் பின்கட்டுக்கு வரவே இல்லை. என்னைக் கண்டால் காலை மடக்கிக்கொள்ளும் வழக்கம் மட்டும் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

என் மூத்த மகனுக்கு வேலை கிடைத்த புதிது. ஒரு வாரம் திடீரென்று தங்கக்கம்பியாக மாறிவிட்டான். காலையில் காப்பியை அவனே கொண்டுவந்து கொடுத்தான், செருப்பைத் துடைத்து வைத்தான், நான் நாற்காலியில் உட்கார்ந்தால் விசிறியோடு சுற்றிச் சுற்றி வந்தான். நம் வளர்ப்பு என்று நான் பூரித்துப்போய்க் கனகுவைக் கூப்பிட்டு, "பார்த்தாயா, பிள்ளைக்கு என்ன மரியாதை" என்றேன்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது:

"மூணு சுத்து முடிஞ்சிட்டுதுங்க. பொண்ணு யாருன்னு கேளுங்க."

பையன் கையிலிருந்த விசிறியைக் கீழே போட்டான். அவனுடைய ஆபீஸில் டைப் அடிக்கும் பெண்ணாம், மண்ணூர்பேட்டையில் வீடாம்.