விரைவு விருது வாங்கிய பிறப்புப் பிரிவு

ஆவடிப் பக்கத்து அலுவலகம் ஒன்றின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவில் கணினி மெதுவாக ஓடுவதாகப் புகார் வந்தது. அரசு அலுவலகத்தில் தாமதம் என்பது கேள்விப்படாத விஷயம் ஆகையால், கண்காணிப்பாளர் லோகநாதன் உடனே விசாரணைக்கு உத்தரவிட்டார்.

ஒப்பந்தத்தில் மென்பொருள் எழுதிக் கொடுத்த ஜெகதீஷை அம்பத்தூரிலிருந்து வரவழைத்தார்கள். மென்பொருள் தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், அதற்கு ஆகும் நேரத்தையும் அவன் பதிவு செய்ய வைத்தான். அன்று மாலையே குற்றவாளி சிக்கியது. குழந்தையின் பிறப்புப் பதிவைத் தேடும் கேள்விதான் முக்கால் நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது.

லோகநாதன் அந்தக் கேள்விக்குக் குறிப்பாணை அனுப்பினார். மற்ற கேள்விகள் யாவும் ஒரு விநாடிக்குள் பணி முடிக்கையில் தாங்கள் மட்டும் தாமதிப்பது ஏன் என்று விளக்கம் கோரியிருந்தார். கெடுவுக்குள் விளக்கம் வராததால் குற்றம் நிரூபணமானது.

ஜெகதீஷ் அதற்காகப் பரிந்து பேசினான். பழைய பதிவுகளை முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதால்தான் தாமதம், பெயர் வாரியாக ஓர் அகரவரிசை போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்றான். அகரவரிசை ஒப்பந்தத்தில் இல்லை.

"ஒரு செகண்டுக்கு மேல போனா நிறுத்திடுங்க" என்றார் லோகநாதன்.

"நிறுத்தினா பதில் வராதே சார்."

"இல்லைன்னு வரட்டும். அதுவும் பதில்தானே?"

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. ஜெகதீஷுக்கு அப்படி நிறுத்துவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் தெரியவில்லை.

அண்ணனூர் யுவராணி மகளைப் பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் கேட்டு வந்தாள். சேர்க்கைக்கு மறுநாள் கடைசி நாள். பெயரைத் தட்டியதும், கண் இமைப்பதற்குள் அப்படி யாரும் பிறக்கவில்லை என்று திரையில் வந்தது.

"இன்னா சார் இது? புள்ள என் கையப் புட்சிகினு நிக்குது. கம்ப்யூட்டரு பொறக்கவே இல்லன்னு சொல்லுது?"

லோகநாதன் எழுந்து எட்டிப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"நிக்கலாம்மா. ஆனா எவ்ளோ வேகமா சொல்லிடுச்சு பாருங்க."

பிறக்காத குழந்தையைச் சேர்க்க விதியில்லை என்று பள்ளி திருப்பி அனுப்பியது. யுவராணி ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அழுதாள். பாரிவாக்கத்தில் இதைக் கேள்விப்பட்ட எனக்கே பொறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசிக்குக் கருத்துக்கேட்பு வந்தது: பதில் விரைவாகக் கிடைத்ததா? பொய் சொல்லத் தெரியாதவள், ஆம் என்று அழுத்தினாள்.

இப்படி வந்த ஆம்களை எல்லாம் கூட்டிப் பார்த்து அலுவலகத்துக்கு விருது கொடுத்தார்கள். மென்பொருள் இப்போது பட்டா, ரேஷன், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் போகிறது. எங்கள் பாரிவாக்கத்துக்கு மட்டும் வரவில்லை. இங்கே இல்லை என்று சொல்வதற்கே மூன்று மாதம் ஆக்குகிறார்கள். குடியிருப்போர் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து, அதே மென்பொருள் வேண்டுமென்று மனு கொடுத்திருக்கிறோம்.