கோபுரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்

மீன் அமிலத்தை ஊற்றியிருக்கக் கூடாது. ஊற்றிய அரை நாளில் சோலையப்பனுக்கு அது புரிந்துவிட்டது. அதற்கு முன்பே தெருவுக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஷர்லி டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"சார், வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கான்னு பாருங்க."

"எலி இல்லம்மா. தக்காளிக்கு உரம் போட்டேன்."

"ஹால்லயா?"

ஹாலில்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் உதயசூரியன் அனுப்பிய வெள்ளை பிளாஸ்டிக் கோபுரம் டிவிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்றது. மண் கிடையாது. அடியிலுள்ள தொட்டியில் தினம் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மோட்டார் அதை மேலே ஏற்றும், சுற்றியுள்ள ஓட்டைகளில் செடி வளரும். வளரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.

பெண்டாட்டி போன பிறகு புதுக்கோட்டையில் அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு டிவியை விட்டால் ஆளில்லை. மகன் அத்திபூத்தாற்போல் கூப்பிடுவான், அதுவும் நடந்துகொண்டே. கோபுரம் வந்த புதிதில் ஒரு கல்யாணத்துக்காக அறந்தாங்கி போன சோலையப்பன் இரண்டு நாள் தங்கிவிட்டார். தொட்டி வறண்டது. அன்றைக்கு வந்தது பாருங்கள் ஒரு போன்! மகனுக்குக் குரலே நடுங்கியது.

"அப்பா, எங்க இருக்கீங்க? ஏன் தண்ணி ஊத்தல? என் போன்ல ரெட் லைட் காட்டுதுப்பா."

அரை மணி நேரம் பேசினான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று அதையும் இதையும் கேட்டான். பிள்ளைக்கு வெள்ளாமையில் இத்தனை பிரியமா என்று சோலையப்பன் அசந்துபோனார். செடி செழித்தால் தினமும் கூப்பிடுவான், அம்மா திதிக்கு நேரில் வந்தாலும் வருவான். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். போன் நின்றுபோனது.

செடி நோஞ்சானாக இருப்பதால்தான் பிள்ளைக்கு மனசு விட்டுப்போச்சு என்று முடிவு கட்டினார். மீமிசலில் இருக்கும் அக்கா அமுதவல்லியிடம் சொல்லி, மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த அமிலத்தை வரவழைத்தார். கொல்லையில் ஊற்ற வேண்டியதை ஹாலில் ஊற்றினால் என்ன ஆகும்? மோட்டார் அடைத்து, வேர் அழுகி, செடிகள் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தன.

பார்த்தால் பிள்ளை மனசு உடைந்துபோவானே. வெள்ளிக்கிழமைச் சந்தையில் வேரோடு சிறுகீரை வாங்கிவந்து ஓட்டைக்கு ஒன்றாகச் செருகி, வாடுவதற்குள் போட்டோ எடுத்து அனுப்பினார். பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது. அடுத்த வாரம் மணத்தக்காளியைச் செருகினார். அதற்கும் கட்டைவிரல்தான். தக்காளி நட்ட இடத்தில் கீரை எப்படி முளைத்தது என்றுகூட அந்த மகராசன் கேட்கவில்லை.

ஏமாற்று வேலை எடுபடாது என்று சோலையப்பன் மோட்டார் அடைப்பை எடுத்து, தொட்டியைக் கழுவி, புதிதாக விதை வாங்கிப் போட்டார். இந்த முறை கோபுரத்தை விட்டு நகர்வதில்லை என்று வைராக்கியம். அக்கா பேத்தியின் காதுகுத்துக்கும் போகவில்லை. அக்கா போனில் கூப்பிட்டுச் சபித்தார்.

"கூடப்பொறந்தவள விட அந்தக் கொழாய் ஒனக்குப் பெருசாப் போச்சாடா? இனிமே எங்க வாசப்படிய மிதிக்காத."

பேசிக்கொண்டிருந்த ஒரு சொந்தமும் போயிற்று. ஆனால் தக்காளி காய்த்தது. கொத்துக் கொத்தாகக் காய்த்தது. சோலையப்பன் வெட்கத்தை விட்டுத் தானே மகனைக் கூப்பிட்டார்.

"சூரியா, காய் செவக்குதுடா. அம்மா திதிக்கு வந்தீன்னா ஒங்கையாலயே பறிக்கலாம்."

"லீவு கெடைக்காதுப்பா. அதான் நீங்க விடாம தண்ணி ஊத்துறீங்களே, எனக்கு ஒரு கவலையும் இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டான்.

திதியன்று அவர் மட்டும் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பறிக்க மனசு வராத தக்காளிகள் பழுத்து ஹாலில் விழுந்தன.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து இலவச சர்வீஸுக்கு வசந்தகுமார் என்று ஒருவர் வந்து மோட்டாரைக் கழற்றினார். சோலையப்பன் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, தண்ணி இல்லைன்னா மட்டும்தான் எம் மகன் போன்ல காட்டுதாம். செடி பூத்தா, காய்ச்சா, அதுவும் காட்டுற மாதிரி வச்சு விட முடியுமா? அப்பத்தான் ஆசையாப் பாப்பான்."

வசந்தகுமார் திருப்புளியைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"செடியக் காட்டுறதுக்கு இதுல ஒண்ணுமில்லிங்கய்யா. இது தனியா இருக்குற பெரியவங்களுக்குன்னே விக்கிற மாடல். காலையில தண்ணி விழுந்துச்சுன்னா வீட்டுல ஆளு உசுரோட இருக்காங்கன்னு அர்த்தம், புள்ளைங்க தெனம் போன் பண்ணிக் கேக்க வேண்டியதில்ல பாருங்க."