மரத்தடி வகுப்பு

“தலையைக் குனிங்க! யாரும் மேல பாக்காதீங்க!”

வருகைப் பதிவேட்டைக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடினார் விக்டர். வேப்பமரத்துக் காகம் ஐந்தாம் வகுப்பின் ஒவ்வொரு தலையையும் முறைவைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. கரும்பலகையில் பாதி பாடம் நின்றது: ‘மரம் நம் நண்பன்.’

புதிய பாடத்திட்டம். வகுப்பறைக்கு வெளியே கற்க வேண்டுமாம். ஸ்ரீரங்கத்தின் அந்தச் சின்னத் தனியார் பள்ளியில் ‘வெளியே’ என்று இருந்தது இந்த ஒரு மரம்தான். பல வருடங்களாகத் தற்காலிக ஆசிரியராகவே இருந்த விக்டரைக் கூப்பிட்டுத் தாளாளர் ரெங்கராஜ் சொல்லியிருந்தார்:

“வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வராங்க. மரத்தடி க்ளாஸ் நல்லா நடந்தா உங்க வேலை நிரந்தரம். சொதப்பினா, நீங்களே பாத்துக்குங்க.”

காவலாளி ஆண்டியை ஏற்றி, கூடு இருந்த கிளையை வெட்ட வைத்தார் விக்டர். காகம் போயிற்று. கிளையிலிருந்த சிவப்பெறும்புகள் இறங்கி வந்தன.

“சார், சட்டைக்குள்ள பூந்துடுச்சு சார்!”

“யார் சட்டைக்குள்ளடா?”

“உங்க சட்டைக்குள்ள சார்!”

எறும்புக்குப் புகை போட்டார். உச்சியில் ஒரு தேன்கூடு இருந்தது புகை போட்ட பிறகுதான் தெரிந்தது.

தேனீ கொட்டிக் கன்னம் வீங்கிய மாணவி ஜென்சியை இழுத்துக்கொண்டு அவள் அம்மா வாசலில் வந்து நின்றாள். “பாடம் நடத்துறீங்களா, பலி குடுக்குறீங்களா?”

ரெங்கராஜ் ஓடி வந்தார். “ஆய்வுக்கு ரெண்டே நாள்தான் இருக்கு விக்டர். என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க.”

உதடு வீங்கியிருந்ததால் விக்டருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வந்தது. “மரத்தையே எடுத்துடலாம் சார். பந்தல் போட்டு க்ளாஸ் எடுக்கறேன்.”

“ஐயையோ, அம்மன் மரங்க! மஞ்சத்துணி கட்டி ஊரே கும்பிடுது. வெட்டச் சொன்னவனைச் சும்மா விடாதும்பாங்க. அதை நான் எப்படிச் சொல்றது?” ரெங்கராஜ் ஜென்சியின் அம்மாவையும் ஆண்டியையும் ஒரு பார்வை பார்த்தார். “நீங்க சொல்றதை எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லுங்க.”

“வெட்டிடுங்க சார்!” வீங்கிய உதட்டோடு கத்தினார் விக்டர்.

அரை மணியில் ரம்பம் வந்தது. சாயங்காலம் தெருவே பள்ளி வாசலில் திரண்டது.

“எந்தப் பாவி வெட்டச் சொன்னது?”

ரெங்கராஜின் விரல் தயங்காமல் நீண்டது. “இவர்தான். எல்லார் காதுலயும் விழுந்துச்சே! நான் தடுத்துப் பாத்தேன். இந்த நிமிஷத்துலேர்ந்து இவர் இங்க வேலையில இல்ல.”

விக்டர் பையை மாட்டிக்கொண்டு நடந்தார். அடிமரத்தின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் மரம் அறுத்த மண்ணச்சநல்லூர் வெள்ளைச்சாமி. ஏனோ அவரிடம் ஒன்று கேட்கத் தோன்றியது.

“ஏங்க, மண்ணச்சநல்லூர்லேர்ந்து அரை மணியில எப்படி வந்து சேந்தீங்க?”

“அரை மணியா? மரத்தை எடுத்துட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஷெட் போடணும்னு போன மாசமே அளந்துட்டோம் சார். ‘யாராச்சும் வாயைத் திறந்து வெட்டுன்னு சொல்லட்டும், அதுவரைக்கும் இரு’ன்னு உங்க தாளாளர்தான் மூணு நாளா எங்களைப் பக்கத்துத் தெருவுல உக்கார வச்சிருந்தாரு.”