கொட்டகை நிறையத் துப்பாக்கிகள்

அன்புத் தங்கை எல்னாவுக்கு அண்ணன் ஆர்விட் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் உன் மகளும் மாப்பிள்ளை கார்டனும் அந்த அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மிச்சிகனில் ஏரி உறைந்துவிட்டது, முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, நான் இந்த நாட்டின் சட்டத்துக்கு விரோதி ஆகிவிட்டேன். மூன்றாவது விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அரசியல் சட்டத்தையே திருத்தி, இனி யார் வீட்டிலும் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள் அல்லவா? அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமையே ஆராதனை முடிந்ததும் நம் ஊரே தேவாலயத்தின் கீழறையில் கூடிவிட்டது. நான் போனது காப்பிக்காக. இர்மா புஹக்கா போடும் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் இல்லையென்றால் நான் தேவாலயத்துக்கே போவேனா என்பது சந்தேகம். அதைப் பாஸ்டரிடம் சொல்லிவிடாதே. வைனோ கெட்டுனன், பள்ளிக்கூடத்தில் உன் சடையைப் பிடித்து இழுத்து அழவைப்பானே, அவனேதான், நாற்காலி மேல் ஏறி நின்றான். "என் துப்பாக்கி வேணும்னா முதல்ல என்னைப் புதைக்கட்டும்! அப்புறம் குழியைத் தோண்டிப் பார்க்கட்டும்! அப்பவும் குடுக்க மாட்டேன்!" என்று கத்தினான். கூட்டம் தரையை மிதித்து ஆரவாரம் செய்தது. ஒருவரும் ஒப்படைப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். "இதுக்கு எதிரா யாராச்சும் இருக்கீங்களா?" என்று வைனோ கேட்டான் பார், சரியாக அந்த நேரத்தில் பால் ஜாடியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லி நான் கையைத் தூக்கியிருந்தேன்.

"ஆர்விட்... நீயா?" என்றான் வைனோ.

"பால்..." என்றேன்.

"பாலாவது மோராவது! நம்ம ஊர்லயே இப்படி ஒருத்தன்!" என்று அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. பாலும் வரவில்லை.

எனக்கு இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி, எல்னா. ஒரு காலத்தில் மரநாயை விரட்ட வாங்கியது. கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். எப்படியும் துரோகி என்று பெயர் வந்துவிட்டது, கொடுத்தே தொலைத்துவிடலாம், கதவுக்கு ஒரு செங்கல் போதும் என்று போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஷெரிஃப் போவினிடம் போனேன்.

"பெரியவரே, அதை என் மேஜை மேல வைக்காதீங்க. வெச்சா நான் வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார்.

"வாங்கிக்கத்தானேய்யா கொண்டு வந்தேன்?"

"ஒண்ணைக்கூட வாங்க மாட்டேன்னு ஊர் முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன். அடுத்த வருஷம் எனக்குத் தேர்தல்."

"சரி, திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

"அது முடியாது. துப்பாக்கியோட ரோட்டுல நடந்தா இப்ப குற்றம். நான் உங்களைப் பிடிக்கணும்."

"பிடிச்சா துப்பாக்கியை வாங்கிக்குவீங்கல்ல?"

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். "நீங்க இங்க வரவே இல்ல. நான் உங்களைப் பார்க்கவே இல்ல. பின்வாசல் வழியாப் போங்க" என்றார். திருடனைப் போல வயல் வழியாகப் பனியில் விழுந்து எழுந்து வீடு வந்து சேர்ந்தேன். பிறகு அரசாங்கத்துக்குப் போன் செய்தேன். காது சூடாகும்வரை பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் பேசினாள். என் பெயரை எழுதிக்கொண்டு, எங்கள் பக்கம் துப்பாக்கி வசூலிக்கும் வண்டி வரும், எப்போது என்று தெரியாது, அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்றாள். "வெச்சிருக்கிறதே குற்றமாச்சேம்மா?" என்று கேட்டேன். "குற்றம்தான் சார். பத்திரமா வெச்சிருங்க" என்றாள்.

நான் பெயர் கொடுத்துவிட்டேன் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடையில் என்னைப் பார்த்ததும் எல்லோரும் மாவு மூட்டையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். போகட்டும், உன் அண்ணி ஹெல்மி போனதிலிருந்து என்னோடு யார்தான் பேசினார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அப்போதுதான் வைனோ ஒரு கம்பளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"இந்தாடா, சும்மா கிடந்துச்சு. உன் வீட்டுத் தரை ஜில்லுனு இருக்குமேன்னு..."

கம்பளத்தின் ஒரு முனையில் துப்பாக்கிக் குழல்கள் எட்டிப் பார்த்தன.

"வைனோ, உன்னைப் புதைச்சாக்கூடக் குடுக்க மாட்டேன்னியே?"

"நான் எங்கடா குடுக்கறேன்? உன்கிட்டதானே வைக்கிறேன். வண்டி வந்தா உன்னோடதோட சேர்த்து அதுவாப் போயிடட்டும். வீட்டுக்காரி லெம்பி ஒரே பிடியா நிக்கிறா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்கிறா. ஜெயிலுக்குப் போனா மாட்டை யாரு பார்க்கிறது? வெளியில மூச்சு விட்டேன்னு வை, கொன்னுடுவேன்." எதை வைத்துக் கொல்வான் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து பாஸ்டர் லிண்டல் வந்தார். பனிச்சறுக்குப் பலகை வைக்கும் பையோடு வந்தார். அந்த மனிதர் வீட்டுப் படியிலேயே சறுக்கி விழுகிறவர். "மனசாட்சி ஒரு பக்கம், சபை ஒரு பக்கம் இழுக்குது, ஆர்விட்" என்று கண்கலங்கினார். இர்மா தன் பேத்தியின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "குழந்தை தூங்குதுண்ணே, மெதுவாப் பேசுங்க" என்றாள். மூடியிருந்த துணியை விலக்கினால் இரண்டு கைத்துப்பாக்கிகள். ஒருவர் தூண்டில் கம்பு என்று கொண்டுவந்தார், ஒருவர் திரைச்சீலைக் கம்பி என்றார். ஒவ்வொருவரும் தான் மட்டுமே சத்தியத்தை மீறுவதாக நினைத்துக் கூனிக்குறுகி நின்றார்கள். கடைசியில் ஷெரிஃப் போவினே வந்தார். "வேலைத் துப்பாக்கி இல்ல பெரியவரே, இது என் சொந்தம்" என்று சொல்லி வைத்துவிட்டு, சுற்றிலும் பார்த்தார். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் எதையும் பார்க்கலை" என்று போய்விட்டார். கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒன்று வைத்திருந்த நான், ஒரு படைக்கு வேண்டிய ஆயுதங்களின் காவல்காரன் ஆகிவிட்டேன். மாநிலத்திலேயே பெரிய குற்றவாளி இப்போது உன் அண்ணன்தான்.

அதோடு விட்டார்களா? வைத்துவிட்டுப் போனவர்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். எண்ணெய் போடணும், துடைக்கணும், பனியில் துரு ஏறிவிடும் என்று சாக்கு. ஒருவரை ஒருவர் பார்த்துவிடாமல் நான்தான் சமாளிக்க வேண்டும். ஒருநாள் வைனோ கொட்டகையில் இருக்கும்போது பாஸ்டரின் கார் வாசலில் வந்து நின்றது. அவனை நீராவிக் குளியல் எடுக்கும் சவுனா அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். எனக்குக் குளிப்பதற்காக அடுப்பு மூட்டியிருந்ததை மறந்துவிட்டேன். அவன் மேலே கம்பளிக் கோட்டு, காதுவரை தொப்பி. பாஸ்டரோ துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, தன் முதல் மான் வேட்டையை ஆதியாகமம் தொடங்கி விவரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று சவுனாக் கதவு வெடித்ததுபோல் திறந்தது. வேகவைத்த பீட்ரூட் நிறத்தில், ஆவி பறக்க வைனோ வெளியே வந்து விழுந்தான். பாஸ்டர் அவனைப் பார்த்தார். அவன் பாஸ்டர் மடியைப் பார்த்தான்.

"பாஸ்டர்... நீங்களுமா?"

"கோட்டைக் கழட்டு மகனே, செத்துடுவே" என்றார் பாஸ்டர்.

அதன் பிறகு எதற்கு மறைவு? எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. வெட்கப்படுவார்கள் என்று பார்த்தால், வெட்கத்துக்குப் பதிலாக நாற்காலி கொண்டுவந்தார்கள். தினமும் கூட்டம். வைனோ ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, "நம்மில் ஒருத்தர்கூட அரசாங்கத்துக்கிட்ட குடுக்கலை! எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்து வெச்சிருக்கோம்! இதுதான் நம்ம கோட்டை, ஆர்விட்தான் நம்ம தளபதி!" என்று பேசினான். ஷெரிஃப் கைதட்டினார். சட்டத்துக்குக் கீழ்ப்படிய நினைத்த ஒரே மனிதன் நான். என்னைக் கலகக்காரர்களின் தலைவன் ஆக்கிவிட்டார்கள். என் சர்க்கரை தீர்ந்துவிட்டது. என் நாற்காலியில் இர்மாவின் பூனை படுத்திருக்கிறது. மான் எந்தப் பக்கம் ஓடியது என்று கிழவர்கள் அடித்துக்கொள்கிற சத்தத்தில் என் காதில் என் யோசனையே விழுவதில்லை. பாஸ்டர் வேறு, சாகும்வரை இங்கேயே கூடுவோம் என்று ஜெபம் செய்தார். சாகும்வரை என்றால் யார் சாகும்வரை? எனக்குத் தூக்கம் போய்விட்டது, பசி போய்விட்டது. ஜெயிலில் போட்டாலும் பரவாயில்லை, அங்கேயாவது தனியறை கொடுப்பார்கள்.

ஆகவே அம்மாடி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். மாப்பிள்ளை கார்டன் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறாரே, அவர் காலில் விழுந்தாவது அந்த வண்டியைச் சீக்கிரம் இந்தப் பக்கம் திருப்பச் சொல். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: பழையபடி ஒரு அமைதியான வீடு.

உன் குடும்பத்தில் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். கடவுள் உங்களைக் குளிரிலிருந்தும், ஜனங்களிடமிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த அண்ணன்,
ஆர்விட் லாஹ்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. இரண்டு பேர், மரியாதையான பிள்ளைகள். கொட்டகையைப் பார்த்ததும், வண்டியில் இடம் போதுமா என்று ஒருவன் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஊரே வந்து பனியில் நின்றது. ஒருவரும் தடுக்கவில்லை. ஷெரிஃப்தான் தூக்கி வைக்க ஒத்தாசை செய்தார். வைனோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டி வளைவில் மறையும்வரை நின்றான். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் நாற்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது யாரும் வருவதில்லை. நேற்றும் இன்றும் பெரிய பானையில் காப்பி போட்டு வைத்துவிட்டு, ஆறியதும் கொட்டினேன். கடையில் வைனோவைப் பார்த்தேன். "ஒருநாள் வர்றேன்டா" என்றான். ஆனால் என்ன சாக்கில் வருவது என்று அவனுக்கும் தெரியவில்லை, பாவம்.

மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாதே. உன் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ, வைத்திருக்கக் கூடாத பொருள் ஏதாவது இருந்தால், அதன் சொந்தக்காரர் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போகிற மாதிரியான பொருளாக இருந்தால், எனக்கு அனுப்பி வை. கொட்டகையில் இடம் நிறைய இருக்கிறது.