அறுபத்து நான்கு மின்மடல்களும் ஒரு தாழ்ப்பாளும்

இந்தக் கதையின் நாயகன் நான்தான். இருந்தாலும் பாதிக் கதையை எதிர்வீட்டுத் தையல்கார அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் பங்குக்குக் கூட்டவும் இல்லை, பெருக்கவும் இல்லை. அதெல்லாம் இப்போது வீட்டுத் தரையோடு சரி.

அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனத்தில் எனக்கு வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, தொழிலில் என்ன புதிது என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதை வைத்துத்தான் வேலை நிரந்தரமாவதும், வீட்டுக்கு அனுப்பப்படுவதும்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எழுத்தில் வந்ததெல்லாம் பாடம், பாடமெல்லாம் தேர்வில் வரும் என்ற பயம் எனக்கு இன்னும் தெளியவில்லை. அதனால் கண்ணில் பட்ட மின்மடல்களுக்கெல்லாம் சந்தா சேர்ந்தேன். அட்டைக்குப் பதினாறு, காகித விலைக்கு ஏழு, பசைக்கு மட்டும் ஒன்பது. மற்றதெல்லாம் சேர்த்து மொத்தம் அறுபத்து நான்கு. படிக்காமல் கிடந்தவை ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

முதல் திங்கட்கிழமை பசையைப் பற்றி மூச்சு விடாமல் பேசினேன். மேலாளர் ஒரே வார்த்தைதான் கேட்டார். "அதனால?"

பசை என் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை காலை, மனைவியிடம் சபதம் செய்தேன். "இன்னிலேருந்து ஒண்ணு விடாம படிக்கப்போறேன்."

"ஆயிரத்து முந்நூறையுமா?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னும் மூவாயிரம் வந்து குவிஞ்சிருக்கும். பேசாம அஞ்சை வச்சுக்கிட்டு மிச்சத்தை விட்டுத் தொலைங்க."

"உனக்குத் தெரியாதும்மா. எதுலேருந்து கேள்வி வரும்னு யார் கண்டா?"

"சரி, குளியலறைத் தாழ்ப்பாள் என்ன ஆச்சு? உள்ளே ஆள் இருக்குன்னு காட்ட நாலு மாசமா பாடிக்கிட்டே குளிக்கறேன். பாட்டு ஸ்டாக் தீர்ந்துபோச்சு."

"படிக்கற நேரத்துல தொந்தரவு பண்ணாதே."

அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் தோற்றுவிட்டாள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளும் வயதில்தான் நான் இருந்தேன்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் முன்பதிவு மேசையைப் பார்த்துக்கொள்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பல்லைக் காட்டுங்கள் என்று நோயாளிகளுக்கு மடல் எழுதி, அது குறித்த நேரத்தில் போய்ச் சேரும்படி கணினியில் அமைத்து வைப்பதும் அவள் வேலை. பயந்து நடுங்குகிறவர்கள்கூட அந்த மடலைப் படித்துவிட்டுத் தானாக வந்து வாயைத் திறப்பார்கள். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு அறுபத்து ஐந்தாவது மடல் வந்தது. பெயர், 'குறைவாகப் படி'. சந்தா சேர்ந்ததற்கு நன்றி என்றது. சேர்ந்த ஞாபகம் இல்லை. ஆனால் எதில்தான் சேர்ந்த ஞாபகம் இருந்தது எனக்கு?

"ஐந்து மடல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் உங்கள் வேலையில் எதையாவது மாற்றிய மடல் இருக்கட்டும். மற்றவை இன்றே போகட்டும்."

ஆகா! என்ன தெளிவு! அன்றே ஐம்பத்தொன்பதிலிருந்து விலகினேன்.

"பார்த்தியா? அஞ்சே போதுமாம். படிச்சவங்க எழுதறதே தனி!"

"அப்படியா? எனக்கு இதெல்லாம் தோணவே இல்லை பாருங்க," என்றாள் அவள்.

இரண்டாம் இதழ்: "படித்ததும் மூடிவிடாதீர்கள். 'அதனால் என்ன?' என்று கேட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி அமைய, கைக்கு வேலையும் தலைக்கு ஓய்வும் வேண்டும். நான் கண்ட வரையில் பாத்திரம் துலக்குவது மிக ஏற்றது."

துலக்கினேன். முதலில் குக்கர் பளபளத்தது, பிறகு மூளை. மூன்றாம் இதழ் சொன்னபடி, வார வரிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே துணி மடித்தேன்.

நான்காம் இதழில் எனக்குப் புல்லரித்துவிட்டது. "தள்ளிப்போட்ட ஒரு சின்ன வேலை மனதில் ஆடிக்கொண்டிருந்தால் படிப்பது பதியாது. முதலில் அதை முடியுங்கள். உதாரணமாக, குளியலறைத் தாழ்ப்பாள்."

"எங்கேயோ உட்கார்ந்து எழுதற மனுஷனுக்கு நம்ம வீட்டுத் தாழ்ப்பாள் வரைக்கும் தெரியுதே!"

"ஞானிங்களுக்குத் தெரியாதது உண்டா? திருப்புளி ரெண்டாவது டிராயர்ல இருக்கு."

ஆறாம் மாதக் கடைசித் திங்கட்கிழமை. ஈரக் காற்றில் அட்டை எவ்வளவு பலம் இழக்கிறது என்று ஒரு மடலில் படித்ததைச் சொன்னேன். மேலாளர் கேட்டார். "அதனால?"

"அதனால மழைக்காலத்துல கட்டுகளைக் கிடங்குத் தரையில வைக்காம பலகை மேல வைக்கணும் சார். அடிக்கட்டு வீணாகறது நிக்கும்."

அவர் எழுந்து வந்து கை குலுக்கினார். "ஒரே வரி! இதான் வேணும்." வேலை நிரந்தரம். அவர் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. மழை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே நல்ல வெயில்.

அன்றே அந்த ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டேன். "ஐயா, என் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் எதுவும் செய்யாமல் ஃபோனையே தட்டிக்கொண்டிருக்கிறாள். அவளை எப்படித் திருத்துவது?"

சனிக்கிழமை இதழிலேயே பதில் வந்தது. "அவர் யோசனையில் இருக்கக்கூடும். தொந்தரவு செய்யாதீர்கள். சூடாக டீ போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்."

நாலு வெள்ளிக்கிழமை போட்டுக் கொடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்டு.

ஐந்தாம் வாரம் எதிர்வீட்டு அக்கா வாசலில் என்னை நிறுத்தினார். "தம்பி, அடுத்த மடல்ல பரண் சுத்தம் பண்றதைப் பத்தி எழுதச் சொல்லுங்க. எங்க வீட்டு மனுஷன் வாயால சொன்னா அசைய மாட்டேங்கறார்."

"யார்கிட்ட சொல்லணும்க்கா?"

"உங்க வீட்டம்மாகிட்டதான்! வேற யாரு எழுதறா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு, முதல் இதழிலிருந்து முழுக் கதையையும் சொன்னார்.

உள்ளே போனேன். "ஏன் இப்படிப் பண்ணினே?"

"நான் வாயால சொன்னா நச்சரிப்பு. அதே மடல்ல வந்தா அறிவு. இதுல என் தப்பு என்ன இருக்கு? அஞ்சுன்னு முதல்லயே சொன்னேனா இல்லையா? வேலை நிரந்தரமாச்சா இல்லையா?"

"ஆச்சு."

"தாழ்ப்பாள்?"

"அதுவும்."

கோபத்தில் மடலின் அடியில் இருந்த 'விலக' என்பதை அழுத்தினேன். "பாத்திரம் துலக்கிவிட்டு நிதானமாக முடிவெடுங்கள்" என்று வந்தது. துலக்கினேன். விலகவில்லை.

பிறகு அவளிடம் கேட்டு வாங்கிச் சந்தாப் பட்டியலை இரண்டு முறை சரிபார்த்தேன். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர், அத்தனை பேரும் மனைவிமார் சேர்த்துவிட்ட கணவர்கள். பதினேழாவது பெயர் எங்கள் மேலாளருடையது.